தம்பியைச் சமையல் வேலைக்கு அனுப்பலாமா?

தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். தம்பி பிளஸ் டூ முடித்துவிட்டு கேட்டரிங்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறானாம். சொந்தக்காரர்கள் "சமையல்காரனுக்கு என்ன சம்பளம் வந்துவிடப் போகிறது, அடுப்பு முன்னாலேயே வெந்து கிடக்கணும்" என்கிறார்களாம். அதே ஊரில் பரோட்டா மாஸ்டர் ஒருவர் நாளுக்கு ஆயிரம் ரூபாய் வாங்குவதையும் இவர் பார்க்கிறார். இதில் எதை நம்புவது என்று கேட்கிறார்.

இரண்டையும் நம்பலாம். ஆயிரம் ரூபாய் உண்மை, வெந்து கிடப்பதும் உண்மை. அந்த ஆயிரத்துக்கு எத்தனை மணி நேரம் நின்றார், மாதத்தில் எத்தனை நாள் நின்றார், எத்தனை வயது வரை நிற்க முடியும் என்று யாரும் கேட்பதில்லை. அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன்.

எனக்குக் காரிமங்கலம் பக்கம். மானாவாரி நிலம், கேழ்வரகும் துவரையும். மழை பொய்த்த ஒரு வருடம், பத்தாவதோடு நின்றுபோய், கிருஷ்ணகிரி பைபாஸில் ஒரு ஹோட்டலில் கிளீனராகச் சேர்ந்தேன். அப்புறம் பெங்களூரில் ஆறு வருடம், மறுபடி கிருஷ்ணகிரியில் ஒரே இடத்தில் ஒன்பது வருடம், ஓசூரில் ஆலை கேண்டீனில் நான்கு வருடம். இப்போது ஒரு நடுத்தர ஹோட்டலில் சரக்கு மாஸ்டர், முகூர்த்த நாளில் கல்யாண ஆர்டர். இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

வெளியே இருப்பவர்களுக்கு எல்லோரும் 'சமையல்காரர்'தான். உள்ளே அப்படி இல்லை. பாத்திரம் கழுவுகிற கிளீனர், காய் வெட்டி மாவு ஆட்டுகிற ஹெல்பர், இட்லி தோசை பார்க்கிற டிபன் மாஸ்டர், சாம்பார், குழம்பு, பொரியல், பிரியாணி என்று பெரிய அடுப்பைப் பார்க்கிற சரக்கு மாஸ்டர், பரோட்டா மாஸ்டர், தந்தூரி மாஸ்டர், ஃப்ரைடு ரைஸ் போடுகிற சைனீஸ் மாஸ்டர், டீ மாஸ்டர். நம் மாவட்டத்து ரோட்டோர ஹோட்டல்களில் நான் பார்க்கிற வரையில் ஹெல்பருக்கு நாளுக்கு 500, 600. டிபன் மாஸ்டருக்கு 800 பக்கம். பரோட்டா, தந்தூரி மாஸ்டர்களுக்கு 900 முதல் 1,200 வரை. மாதச் சம்பளம் என்றால் சாப்பாடும் தங்க இடமும் போக 15,000, 18,000, நல்ல சரக்கு மாஸ்டருக்கு 25,000 வரை. பெங்களூர் போனால் கொஞ்சம் கூடும். அங்கே தனியாக ரூம் எடுத்தால் அந்தக் கூடுதல் வாடகைக்கே போய்விடும்.

இப்போது ஒரு கணக்கு. மாதம் 18,000 வாங்கும் ஒரு மாஸ்டரை எடுத்துக்கொள்வோம். காலை 6 மணிக்கு வந்தால் பிற்பகல் 3 வரை. 'பிரேக்' என்று மேலே அனுப்புவார்கள். 6 மணிக்குத் திரும்ப இறங்க வேண்டும், 9 மணி வரை. நின்ற நேரம் 12 மணி. மாதத்தில் 28 நாள். மொத்தம் 336 மணி நேரம். 18,000 ரூபாயை 336ஆல் வகுத்தால் மணிக்கு 54 ரூபாய்கூட முழுதாக இல்லை.

சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம்தான் என்கிறது. நாளுக்கு 8 மணி, மாதம் 26 நாள் என்றால் 208 மணி நேரம். 18,000 அந்த 208 மணிக்கான சம்பளம் என்றால் மணிக்கு 86 ரூபாய்க்கு மேல். மீதி 128 மணி நேரம் ஓவர்டைம், அதற்கு இரட்டைச் சம்பளம். கூட்டிப் பாருங்கள், 40,000 ரூபாய் வருகிறது. அவ்வளவு ஓவர்டைம் வாங்கவே சட்டம் விடாது என்பது வேறு விஷயம். ஆக, அவருக்கு 18,000 கொடுக்கிறார்கள் என்பதைவிட, மாதாமாதம் 22,000 கொடுக்காமல் விடுகிறார்கள் என்றும் பார்க்கலாம். இந்தக் கணக்கை நான் 35 வயதில்தான் போட்டுப் பார்த்தேன். அதுவரை 'நல்ல சம்பளம்' என்றே நினைத்திருந்தேன்.

அந்த பிரேக் இருக்கிறதே, அதுதான் பெரிய ஏமாற்று. மூன்று மணி நேர ஓய்வு என்று பெயர். ஹோட்டல் பைபாஸில், வீடு ஊருக்குள் 15 கிலோமீட்டர். போய் வரப் பஸ்ஸுக்கே நேரம் சரி. ஆகவே அடுப்படிக்கு மேலே தகரக் கூரை போட்ட அறையில், ஆறு பேரோடு பாயில் படுக்க வேண்டும். கீழே எரிகிற அடுப்பின் சூடு தரை வழியாக ஏறும். தூங்கவும் முடியாது, வீட்டு வேலை ஒன்றும் பார்க்கவும் முடியாது. என் மகள் பிறந்து முதல் நான்கு வருடம் நான் அவளைத் தூங்கும்போதுதான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

சென்னையிலிருந்து வருகிற ரோடும் சேலத்திலிருந்து வருகிற ரோடும் கிருஷ்ணகிரியில் சேர்ந்துதான் பெங்களூர் போகின்றன. அதனால் இந்த ஊர் அடுப்பு அணைவதே இல்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி பெங்களூரிலிருந்து ஊருக்குப் போகிற கூட்டம், ஞாயிறு ராத்திரி திரும்புகிற கூட்டம். பொங்கல், தீபாவளி, தொடர்ந்து மூன்று நாள் லீவு என்றால் கேட்கவே வேண்டாம். ஊரே பண்டிகை கொண்டாடும்போது நமக்கு லீவு கிடையாது என்பதைத் தம்பியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். படித்துவிட்டு வருகிற பையன்கள் முதல் தீபாவளியில்தான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறார்கள்.

உடம்பைப் பற்றி. எண்ணெய்ச் சட்டி 180 டிகிரியில் காயும், தந்தூரி அடுப்பு அதைவிட இரண்டு மடங்குக்கு மேல். சித்திரை மாதம், வெளியே வெயில், உள்ளே ஐந்து பர்னர், புகைபோக்கியின் மோட்டார் பழுது. ஒரு ஷிஃப்டில் சட்டையை இரண்டு முறை பிழியலாம். தண்ணீர் குடிக்க வேண்டும், ஆனால் குடித்தால் கழிவறைக்குப் போக வேண்டும். தோசைக்கல் முன்னால் 20 டோக்கன் நிற்கும்போது யார் போக விடுவார்கள்? கல்லடைப்பு வந்த மாஸ்டர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பத்து வருடம் நின்றவர்களில் பலருக்குக் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டிருக்கும். பரோட்டா வீசுகிறவர்களுக்குத் தோள்பட்டை, சைனீஸ் மாஸ்டருக்கு மணிக்கட்டு. எண்ணெய்ப் புகை விஷயம் இன்னும் மோசம். அதிக சூட்டில் பொரிக்கும்போது எழும் புகையை, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2010ல் 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும்' என்ற வகையில் வைத்தது. நம் ஊர் முதலாளிகளில் பலருக்குப் புகைபோக்கி என்றால் வாடிக்கையாளர் பக்கம் புகை போகாமல் தடுக்கிற சாமான். மாஸ்டரின் மூக்கு கணக்கில் வராது.

2021ல் கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் திருத்தினார்கள். ஜவுளிக்கடைப் பெண்களை மனதில் வைத்து வந்தது, நல்ல சட்டம். எங்கள் சமையலறையில் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு ஒரு டிபன் மாஸ்டர், "நாற்காலி போட்டா அதுலயும் வெங்காய மூட்டையத்தான் வைப்பாங்க" என்றார்.

இனி காகிதம். சம்பளம் குறைவு என்பதைவிட எனக்கு இதுதான் பெரிய குறை. கிருஷ்ணகிரியில் ஒன்பது வருடம் வேலை செய்தேன் என்றேனே, அந்த இடத்தின் பெயர் வேண்டாம். சம்பளம் கையில்தான் தருவார்கள். வவுச்சரில் கையெழுத்துக் கிடையாது, பேங்க்கில் போடுவதும் கிடையாது. விலகும்போது என் சம்பளம் 16,000. கிராஜுவிட்டி சட்டம் 1972லேயே வந்துவிட்டது: பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, விலகும்போது வருடத்துக்கு 15 நாள் சம்பளம். 16,000ஐ 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, ஒன்பது வருடத்தால் பெருக்கினால் 83,000 ரூபாய். எனக்குக் கிடைத்தது ஒரு வேட்டி சட்டையும் 5,000 ரூபாயும். நான் அங்கே வேலை செய்தேன் என்பதற்கே என்னிடம் ஆதாரம் இல்லை. ஒரு குரூப் போட்டோ மட்டும் இருந்தது, ஆயுத பூஜைக்கு எடுத்தது.

இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு), பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) என்றால் நம் ஆட்களே "பிடித்தம் வேண்டாம் முதலாளி, கையிலேயே கொடுங்க" என்பார்கள். நானும் சொன்னவன்தான். இப்போது கணக்குத் தெரிகிறது. சம்பளம் 21,000 வரை இருந்தால் இஎஸ்ஐ உண்டு. 18,000க்கு நம்மிடம் பிடிப்பது 135 ரூபாய், முதலாளி கட்டுவது 585 ரூபாய். அதற்குக் குடும்பத்துக்கே வைத்தியம். வேலையில் எண்ணெய் கொட்டிக் கால் வெந்தால், எழுந்து வரும்வரை சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். ஓசூரில் இஎஸ்ஐ மருத்துவமனையே இருக்கிறது. கிருஷ்ணகிரியில் எனக்குப் பக்கத்தில் நின்ற பையன் ஒருவனுக்குக் கொதிக்கிற சாம்பார் அண்டா கவிழ்ந்து முழங்காலுக்குக் கீழே வெந்துபோனது. நாற்பது நாள் படுத்திருந்தான். முதலாளி ஆஸ்பத்திரிச் செலவை ஏற்றார், அதை மறைக்கக் கூடாது. ஆனால் அந்த நாற்பது நாள் சம்பளம் அட்வான்ஸில் ஏறியது. அதைக் கழிக்க அவன் அதே இடத்தில் இன்னும் எட்டு மாதம் நின்றான்.

அட்வான்ஸ் பற்றித் தனியாகவே எழுதலாம். தங்கை கல்யாணம், அப்பா ஆபரேஷன், போர்வெல் போடுவது என்று முதலாளியிடம் 50,000 வாங்குவோம். வட்டி இல்லை. ஆனால் அது தீரும்வரை வேறு இடத்தில் 3,000 கூட்டிக் கொடுத்தாலும் போக முடியாது. வட்டி அங்கேதான் இருக்கிறது. தீர்க்க முடியாதவரின் கடனைப் புது முதலாளியே அடைத்துக் கூட்டிப்போவதும் உண்டு. அப்போது கடன் இடம் மாறும், ஆள் மாறுவதில்லை.

சரி, ஹோட்டல் வேண்டாம், வேறு சமையல் வேலைகள்?

கல்யாணச் சமையல்: ஒரு முகூர்த்தத்துக்கு மாஸ்டருக்கு 3,000, 4,000 நிற்கும். முதல் நாள் மதியம் போய், ராத்திரி டிபன் முடித்து, இரண்டு மணிக்குத் தேங்காய் துருவ ஆரம்பித்தால் மறுநாள் பந்தி முடிய மூன்று மணி. ஒரு நாள் கூலி என்று நினைப்பது உண்மையில் இரண்டு நாளும் ஒரு ராத்திரித் தூக்கமும். ஆடி, புரட்டாசி, மார்கழியில் அடுப்பே எரியாது. கைவசம் ஆள் வைத்திருப்பவர்கள் அந்த மாதங்களில் ஆட்களுக்குக் கடன் கொடுத்துக் காப்பாற்ற வேண்டும், இல்லாவிட்டால் தை மாதம் ஆள் இருக்காது. ஆனாலும் எனக்குப் பிடித்த வேலை இதுதான். ஹோட்டலில் யார் சாப்பிட்டார்கள் என்றே தெரியாது. மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்திருக்கிற முகங்கள் தெரியும்.

ஒகேனக்கல் போயிருப்பீர்கள். மீனையும் மளிகையையும் நாம் வாங்கிக் கொடுத்தால் குழம்பும் வறுவலும் செய்து தருகிற பெண்கள் இருக்கிறார்கள். அவர்களும் தொழில்முறைச் சமையல்காரர்கள்தான், யாரும் மாஸ்டர் என்று கூப்பிடுவதில்லை, அவ்வளவே. விறகுப் புகையில் நாள் முழுக்க உட்கார்ந்து, பேரம் பேசி வருகிற கூலி. காவிரியில் வெள்ளம் வந்து பரிசலுக்குத் தடை போட்டால் கூட்டம் வராது, அன்றைக்கு வருமானம் இல்லை. அவர்கள் அம்மியில் அரைக்கிற மசாலாவின் கைப்பக்குவம் எனக்கு இன்றுவரை வரவில்லை.

அரசாங்க வேலை என்றால் சத்துணவு மையம். 1982ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய திட்டம், ஊருக்கு ஊர் சமையலர், சமையல் உதவியாளர் வேலை தந்தது. நேரம் நல்ல நேரம், பகலோடு முடியும். சம்பளம்? மத்திய அரசு சமையலருக்கு என்று வைத்திருக்கும் மதிப்பூதியம் மாதம் 1,000 ரூபாய், அதுவும் வருடத்தில் பத்து மாதம். 2009ல் வைத்தது. தமிழ்நாடு அதற்கு மேல் போட்டுக் கொடுக்கிறது என்றாலும், 8,997 சமையல் உதவியாளர்களை எடுக்க வந்த அரசாணையில் தொடக்கத் தொகுப்பூதியம் 3,000 ரூபாய்தான். ஒரு வருடம் கழித்துத்தான் சிறப்புக் காலமுறை ஊதியம். அதற்கே போட்டி போட்டு மனுப் போட்டார்கள், நம் ஊர் நிலைமை அப்படி.

ஆலை கேண்டீன் எனக்கு நன்றாகவே இருந்தது. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டை பக்கம் பெரிய ஆலைகளின் கேண்டீனைக் கான்ட்ராக்ட் எடுத்தவர்கள் நடத்துகிறார்கள். 8 மணி நேர ஷிஃப்ட், வார விடுமுறை, பிஎஃப், இஎஸ்ஐ, சம்பளச் சீட்டு எல்லாம் உண்டு. ஆலைக்காரர்கள் கான்ட்ராக்டரிடம் கணக்குக் கேட்பார்கள் என்பதுதான் காரணம். குறை என்னவென்றால் ஒரே மெனு, ஒரே ருசி. மாஸ்டர் கை மழுங்கிவிடும். கான்ட்ராக்ட் மாறினால் நம் பழைய சர்வீஸும் போய்ப் புதிதாக ஆரம்பிக்கும். அப்படித்தான் நான் வெளியே வந்தேன்.

முதலாளி பக்கமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பைபாஸில் 80 பேர் உட்காரும் ஹோட்டல்காரர் வேறு, பென்னாகரத்தில் கணவனும் மனைவியுமாக மெஸ் நடத்துகிறவர் வேறு. இரண்டாமவருக்கு 19 கிலோ சிலிண்டர் விலை ஏறினால் அந்த மாத லாபம் காலி. சாப்பாட்டு விலையைப் பத்து ரூபாய் ஏற்றினால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவார். தன் மாஸ்டரைவிடக் குறைவாகச் சம்பாதிக்கிற முதலாளிகளை எனக்குத் தெரியும். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. பெரிய ஹோட்டலில் ஏசி ஹாலுக்கு லட்சக்கணக்கில் செலவு செய்துவிட்டு, சமையலறைக்கு இரண்டு எக்ஸாஸ்ட் ஃபேன் போட யோசிப்பவர்கள்மேல்தான் கோபம்.

சம்பளம் ஏறாமல் இருப்பதற்கு எனக்குத் தோன்றுகிற காரணம், சமையலை யாரும் தொழிற்கல்வியாக மதிப்பதில்லை. லேத் ஓட்டுகிறவர் ஐடிஐ படித்தவர், மாஸ்டர் 'வீட்டில் அம்மா செய்வதைச் செய்கிறவர்'. 300 பேருக்குச் சாதம் குழையாமல், சாம்பார் நீர்க்காமல், மிச்சம் விழாமல் அளவு போடுவது ஒரு கணக்கு. அது கையில் இருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. இன்னொன்று, ஆள் வரத்து. முன்பு நம் மாவட்டத்து மானாவாரிக் கிராமங்கள் ஆள் அனுப்பின. இப்போது ஒடிசா, பீகார், அசாம், நேபாளம் வரை. அந்தப் பையன்கள் நல்ல உழைப்பாளிகள், அவர்களைக் குறை சொல்லாதீர்கள். ஊருக்குப் போக முடியாதவனிடம் 14 மணி நேரம் வாங்கலாம் என்று முதலாளிக்குத் தெரியும். 2020 ஊரடங்கில் ஹோட்டல் மூடியதும் முதலில் நடுத்தெருவில் நின்றவர்களும் அவர்கள்தான். அந்தச் சமயம் ஊருக்கு வந்த நம் மாஸ்டர்கள் பலர் திரும்பிப் போகவில்லை. தள்ளுவண்டியில் சில்லி சிக்கனும் ஃப்ரைடு ரைஸும் போட்டு மாலை 5 முதல் 10 வரை நிற்கிறார்கள். நிற்பது ஐந்து மணி நேரம், காசு தன்னுடையது.

படிப்பு பற்றிச் சுருக்கமாக. சென்னை தரமணியில் மத்திய அரசின் ஹோட்டல் மேனேஜ்மென்ட் நிறுவனம் இருக்கிறது, திருச்சி துவாக்குடியில் மாநில அரசின் நிறுவனம். பட்டப் படிப்பு என்றால் அங்கே முயலட்டும், தேசிய நுழைவுத் தேர்வு உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகள் தரமணியில் படிக்க, ஆதிதிராவிடர் மேம்பாட்டுக்கான அரசுக் கழகமான தாட்கோ உதவுகிறது, மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். ஐடிஐயில் உணவு தயாரிப்பு என்று ஒரு வருடப் பிரிவும் இருக்கிறது, செலவு குறைவு. லட்சக்கணக்கில் ஃபீஸ் கேட்டு, கோட்டு போட்ட போட்டோ காட்டி, 'கப்பலில் வேலை' என்று சொல்கிற இடங்களுக்கு மட்டும் போகாதீர்கள். எங்கே படித்தாலும் நட்சத்திர ஹோட்டலில் முதல் இரண்டு வருடம் கைக்கு 12,000, 15,000தான் வரும். நம் ஊர் பரோட்டா மாஸ்டரைவிடக் குறைவு. வித்தியாசம் ஐந்தாவது வருடத்துக்கு அப்புறம்தான் தெரியும்.

வேலைக்குச் சேரும்போது தம்பி கேட்க வேண்டியது: எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போகலாம், பிரேக் எவ்வளவு, வார லீவுக்குச் சம்பளம் உண்டா, சம்பளம் பேங்க்கில் போடுவார்களா. முன்பின் தெரியாத பையன் கேட்டால் முறைப்பார்கள். கேட்காமல் சேர்ந்தால் அப்புறம் கேட்கவே முடியாது. சின்ன ஹோட்டலாக இருந்து இஎஸ்ஐ, பிஎஃப் எதுவும் இல்லை என்றால், அமைப்புசாராத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிந்துகொள்ளட்டும். தினமும் வந்த நேரம், போன நேரத்தைப் போனிலோ நோட்டிலோ எழுதி வைக்கட்டும். தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்துக்குப் போக வேண்டி வந்தால் அந்த நோட்டுக்கு மதிப்பு உண்டு. என்னிடம் இருந்தது ஆயுத பூஜை போட்டோ மட்டும்தான் என்பதை மறக்க வேண்டாம்.

ஃபீஸ் கட்டுவதற்கு முன் இந்தச் சித்திரை, வைகாசியில் ஒரு மாதம் ஏதாவது ரோட்டோர ஹோட்டலில் ஹெல்பராக நிற்கச் சொல்லுங்கள். ஞாயிறு ராத்திரிக் கூட்டத்தை நாலு தடவை பார்த்த பிறகும் இதுதான் வேண்டும் என்றால் தாராளமாகச் சேர்த்துவிடலாம். போகும்போது வழுக்காத ஷூ ஒன்று வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள். ரப்பர் செருப்போடு போய்த்தான் நான் முதல் வாரமே கழுவுகிற இடத்தில் விழுந்தேன், இடது முழங்கை இன்றும் முழுசாக நீளாது.